பெருவண்டியும் சிறுதேரும்

தென்பெண்ணையாற்றின் தென்கரையில் திருக்கோவலூர் என்னும் பழம்பதி விளங்குகின்றது. இக்காலத்தார் அதனைத் திருக்கோவிலூர் என வழங்குவர். சங்க காலத்தில் அவ்வூர் மலையமான் திருமுடிக்காரி என்னும் வள்ளலின் தலைநகராய் இருந்தது. தன்னை நாடி வந்த பரிசிலர்க்குத் தேர்களையே வாரி வழங்கியவன் காரி. மதுவுண்டு மகிழ்ந்திருக்கும் வேளையில் தேர் வழங்குதல் எவர்க்கும் எளிது. காரியோ அம்மகிழ்ச்சி இல்லாத போதும் வழங்கினான் என்று கபிலர் அவனது கொடையைப் போற்றினார். 2019ஆம் ஆண்டில் புதிதாக அமைந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இன்று அவ்வூர் அடங்கியுள்ளது.

காரி வழங்கிய தேர்களுள் ஒன்றேனும் இன்று உண்டோ? ஓர் ஆரக்காலும் எஞ்சவில்லை. மரம் மக்கி மண்ணாகும். இரும்பு துருவேறித் தூளாகும். தேரும் வண்டியும் மனிதனைச் சுமந்து நெடுவழி சென்றவை எனினும், காலத்தின் வழியே நெடுந்தூரம் செல்லும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை. பின் எவ்வாறு நாம் பழங்கால வண்டிகளை அறிகின்றோம்? பாட்டில் வந்த சொற்களாலும், சிறுவர் உருட்டி விளையாடிய சிறு வண்டிகளாலும் அறிகின்றோம். பெரியது அழிய, அதன் வடிவைச் சிறியது காத்து வைத்திருப்பது வியப்பன்றோ? அவ்வியப்பை விளக்குவதே இப்பாடத்தின் கருத்தாகும்.

கள்ளக்குறிச்சி நகரின் மேற்கே கல்வராயன் மலை நிமிர்ந்து நிற்கின்றது. கிழக்குத் தொடர்ச்சி மலைகளுள் ஒன்றாகிய அது ஏறத்தாழ 2,000 அடி முதல் 3,000 அடி வரை உயர்ந்தது. கோமுகியும் மணிமுத்தாறும் அம்மலையிற் பிறந்து சமவெளிக்கு இறங்கி வருகின்றன. மலைமேல் வாழும் மலையாளிப் பழங்குடியினர் சாமையும் தினையும் விளைத்தனர். புளி, கடுக்காய், தேன் முதலியவற்றைத் திரட்டினர். 1976ஆம் ஆண்டு வரை அம்மலைநாடு ஜாகீர்தார்களின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. செங்குத்தான மலைப் பாதைகளில் வண்டி ஏறாது. ஆதலின் தலைச்சுமையாகவே பண்டங்கள் அடிவாரத்திற்கு வந்தன. அடிவாரத்திலிருந்து சந்தைக்கு அவற்றைக் கொண்டு சென்றது மாட்டு வண்டி. மலையின் எல்லை முடியுமிடமே வண்டியின் எல்லை தொடங்குமிடமாய் இருந்தது.

சமவெளியிலோ வண்டி இன்றி வேளாண்மை இல்லை. தொழுவுரத்தை வயலுக்குக் கொண்டு செல்வதும், நெற்கட்டைக் களத்துக்குக் கொணர்வதும், வைக்கோலை மலைபோல் ஏற்றி வீட்டுக்கு வருவதும், கரும்பை ஆலைக்குச் சேர்ப்பதும் வண்டியே. கட்டை வண்டி என்றும் பார வண்டி என்றும் அதனை அழைத்தனர். மூங்கிற்பாயால் வளைவாகக் கூரை அமைத்தால் அது கூண்டு வண்டி. வில் வைத்து அமைத்தால் குலுங்காது செல்லும் வில் வண்டி. உழைப்புக்கு ஒன்றும், பயணத்துக்கு ஒன்றும், திருவிழாவுக்கு ஒன்றும் என வண்டிகள் ஊர்தோறும் இருந்தன.

இவ்வண்டியின் அமைப்பைச் சற்று உற்று நோக்குவோம். வண்டிக்கு உயிர் சக்கரம். சக்கரத்தின் நடுவே உருண்டு திரண்டிருப்பது குடம். குடத்தினின்று கதிர்போல் விரிவன ஆரக்கால்கள். ஆரக்கால்களின் முனைகளைச் சேர்த்து வட்டமாய்ச் சூழ்வன வட்டைகள். வட்டைகளை இறுகத் தழுவி நிற்பது இரும்புப் பட்டா. ஒரு வட்டைக்கு இரண்டு ஆரக்கால் என்பது தச்சர் கணக்கு. ஆறு வட்டை கொண்ட சக்கரத்துக்குப் பன்னிரண்டு ஆரக்கால். குடத்தின் துளையில் அச்சு நுழையும். அச்சின் முனையிற் செருகிய கடையாணி, சக்கரம் கழன்று ஓடாமற் காக்கும். அச்சின்மேல் அமைந்த பாரத்திலிருந்து முன்னோக்கி நீள்வது ஏர்க்கால். ஏர்க்காலின் நுனியில் குறுக்கே கட்டப்படுவது நுகத்தடி. மாடுகளை நுகத்தோடு பிணைப்பது பூட்டாங்கயிறு. ஏற்றிய சுமை சரியாமல் இருபுறமும் வரிசையாக நிற்பன முளைக்குச்சிகள்.

ஒவ்வோர் உறுப்புக்கும் ஏற்ற மரத்தைத் தச்சர் தேர்ந்தனர். அடியும் இடியும் தாங்க வேண்டிய குடத்துக்கும் வட்டைக்கும் கருவேலமரம் பெரிதும் பயன்பட்டது. கிழக்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வளரும் வெள்ளைநாகை மரத்துக்கு ஆங்கிலேயர் ‘அச்சு மரம்’ என்று பொருள்படும் பெயரையே இட்டனர். இரும்பு அச்சு பரவுவதற்கு முன் அதன் வலிமை அத்தகைய பயனைத் தந்தது. நுகத்தடி மாட்டின் கழுத்தில் அமர்வது. ஆதலின் அதற்கு எடை குறைந்த மரமே ஏற்றது. மலையில் விளைந்த மரமும், ஊரில் வளர்ந்த மரமும், கொல்லன் உலையில் பழுத்த இரும்பும் கூடி வண்டியாயின.

சக்கரம் செய்தல் எளிய தொழிலன்று. ஒரு நாளில் எட்டுத் தேர் செய்யவல்ல தச்சன், ஒரு திங்கள் முழுதும் முயன்று செய்த ஒற்றைச் சக்கரத்தை அதியமானுக்கு உவமையாக்கினார் ஔவையார். புறநானூற்றில் உள்ள இவ்வுவமை, சக்கரத்தின் அருமையை அக்காலத்துப் புலவர் எத்துணை நுட்பமாய் அறிந்திருந்தனர் என்பதைக் காட்டும். பன்னிரண்டு ஆரக்கால்களுள் ஒன்று சற்றுக் குறைந்தாலும் சக்கரம் வட்டம் இழக்கும். வட்டம் இழந்தால் ஒவ்வொரு சுற்றிலும் வண்டி குலுங்கும். குலுங்கும் வண்டியில் பொருத்துகள் தளரும்.

தச்சன் செய்த சக்கரத்துக்குக் கொல்லன் பட்டா இடுவான். அதன் முறை பௌதிக நூலின் உண்மை ஒன்றை விளக்குவது. வட்டையின் சுற்றளவினும் சிறிது குறைந்த அளவில் பட்டா அமைக்கப்படும். அதனை வறட்டியும் விறகும் அடுக்கிய நெருப்பில் இட்டுக் காய்ச்சுவர். வெப்பத்தால் இரும்பு விரியும். ஐந்தடி விட்டமுள்ள சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 15¾ அடி. 500 பாகை செல்சியசு அளவு சூடேறினால், அப்பட்டா ஓர் அங்குலத்துக்குச் சற்று அதிகமாக நீளும். நீண்ட அந்நிலையில் அதனைக் குறடுகளாற் பற்றி வட்டையின்மேல் இறக்கி உடனே நீர் ஊற்றுவர். இரும்பு சுருங்கும், ஆரக்கால்கள் குடத்துக்குள் நெறுநெறுவென்று இறங்கும். ஆணி அடித்துப் பெற இயலாத இறுக்கத்தை நெருப்பும் நீரும் சேர்ந்து அளிக்கும். வெப்பத்தால் விரியும் அளவை ஏட்டிற் கணக்கிடாத கொல்லர், கண்ணளவாலும் கையளவாலும் அதனைத் தவறின்றி அறிந்திருந்தனர்.

வண்டி செய்தல் ஒரு கலை. ஓட்டுதல் மற்றொரு கலை. வைக்கோலை எரித்த கரியை விளக்கெண்ணெயில் குழைத்து வண்டி மை செய்வர். அச்சில் அம்மையை இட்டால் சக்கரம் உராய்வு குறைந்து உருளும். சுமையை அச்சுக்கு முன்னே மிகுத்தால் வண்டி முன்பாரமாகி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னே மிகுத்தால் பின்பாரமாகி நுகம் மேலெழும்பிப் பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும். இரண்டுமின்றி ஏற்றத் தெரிந்தவனே நல்ல வண்டிக்காரன். மென்மையான மயிற்பீலியே ஆயினும் அளவுக்கு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்று திருவள்ளுவர் எச்சரித்தது, வண்டியை நன்கறிந்த நாட்டிலே பிறந்த அறிவுரை.

சங்க காலத்து உப்பு வணிகராகிய உமணர் வண்டிகளை வரிசையாக ஓட்டி உள்நாடு நோக்கிச் சென்றனர். வழியில் மேடும் பள்ளமும் எங்கே வரும் என்பது தெரியாது. ஆதலின் வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டி வைத்தனர். அதற்குச் சேம அச்சு என்று பெயர். இடுக்கண் வந்தபோது உதவும் தலைவனை அச்சேம அச்சுக்கு ஔவையார் ஒப்பிட்டார். இவ்வாறு வண்டியின் உறுப்புகள் தமிழரின் நெஞ்சில் உவமைகளாயும் அறங்களாயும் இடம்பெற்றன.

இனி, இவ்வண்டிக்கு நேர்ந்த மாற்றத்தைக் காண்போம். இருபதாம் நூற்றாண்டில் மரச்சக்கரத்துக்கு மாறாகக் காற்றடைத்த ரப்பர்ச் சக்கரம் பூட்டிய டயர் வண்டி வந்தது. அது சாலையைக் கெடுக்காது. மாட்டுக்கும் இழுப்பது எளிது. பெங்களூரு இந்திய மேலாண்மைக் கழகத்தின் முதல் இயக்குநராய் விளங்கிய பேராசிரியர் என். எஸ். இராமசாமி, மாட்டு வண்டியைச் சீர்திருத்த வேண்டுமென்று பல்லாண்டு முயன்றார். பழைய வண்டியின் நுகம் மாட்டின் கழுத்தைப் புண்படுத்துவதையும், மிகுந்த எடையால் உழைப்பு வீணாவதையும் அவர் எடுத்துக்காட்டினார். பழமை என்பதனாலேயே அதன் குறைகளை மறைத்தல் தகாது. வாயில்லா உயிரின் வலியைக் குறைக்கும் மாற்றம் எதுவும் வரவேற்கத்தக்கதே.

பின்னர் டிராக்டரும், அதன் பின்னே பூட்டும் டிரெய்லர் என்னும் இழுவைப் பெட்டியும் வயல்களுக்கு வந்தன. கள்ளக்குறிச்சி வட்டாரம் கரும்பு மிக விளையும் நிலம். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் எழுந்தன. மாட்டு வண்டி ஒரு டன் அளவே சுமக்க, டிரெய்லர் அதனினும் பன்மடங்கு சுமந்து விரைவாகச் சென்றது. கல்வராயன் மலைக்கும் சாலைகள் அமைந்தன; முன்னர் வண்டி ஏறாத மலைமீது இன்று பேருந்தும் சரக்கு ஊர்தியும் ஏறுகின்றன. உழவனின் முதுகும் மாட்டின் கழுத்தும் இளைப்பாறின. இது நன்மையே.

ஆயினும் நன்மையின் நிழலில் ஓர் இழப்பு அமைதியாக நிகழ்கின்றது. ஓடாத வண்டி புளியமரத்தடியில் நிற்கும். மழையில் நனைந்து வெயிலில் உலர்ந்து ஆரக்கால்கள் தளரும். பட்டாவைப் பழைய இரும்பு வாங்குவோன் எடைக்குக் கொள்வான். எஞ்சிய மரம் அடுப்புக்குப் போகும். வண்டி எரிவதோடு நின்றால் வருந்த வேண்டுவதில்லை. குடம், வட்டை, கடையாணி, பூட்டாங்கயிறு என்னும் சொற்களும், ஆரக்காலை எக்கோணத்தில் செருகுவது என்னும் கைத்திறனும், பட்டாவை எவ்வளவு குறைத்து அமைப்பது என்னும் அளவறிவும் அதனோடு எரிகின்றன. அவ்வறிவைத் தாங்கிய முதிய தச்சர் மறைந்தால், அதனை மீட்டுத் தருவார் எவர்?

இவ்வினாவுக்கு விடை தேடுங்கால் சிறுவர் விளையாட்டே நமக்கு வழிகாட்டுகின்றது. தமிழகத்துச் சிறுவர் ஈராயிரம் ஆண்டுகளாகச் சிறு வண்டிகளை உருட்டி வருகின்றனர். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், உமணரின் பெருவண்டியும் சிறுவரின் சிறுதேரும் ஆகிய இரண்டும் வருகின்றன. உப்பு வண்டியின் சக்கரம், அச்சு, கூரை, அதில் தொங்கும் பண்டங்கள் ஆகியவற்றை அவர் விரிவாக உரைக்கின்றார். உழவர் மனைகளைச் சொல்லுமிடத்தில், தச்சர் வீட்டுச் சிறுவர் விரும்புமாறு செய்த, ஏறிச் செல்ல இயலாத சிறுதேரைப் புதல்வர் உருட்டிக் களைத்துப் பாலுண்டு உறங்கும் காட்சியைக் காட்டுகின்றார். அவரே பாடிய பட்டினப்பாலையில், மூன்று உருளைகளையுடைய சிறுதேரைப் பிள்ளைகள் குதிரையின்றி உருட்டுகின்றனர். காயவைத்த தானியத்தைக் கொத்தும் கோழியை நோக்கி ஒருத்தி எறிந்த பொற்குழை அச்சிறுதேரின் வழியைத் தடுக்கின்றது.

குறுந்தொகையிலும் ஒரு சிறுதேர் உண்டு. தச்சன் செய்த அச்சிறு வண்டியில் ஏறிச் செல்ல இயலாவிடினும், அதனைக் கையால் இழுத்தே இன்புறுகின்றனர் இளஞ்சிறார் என்று தும்பிசேர்கீரனார் உவமை கூறுகின்றார். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் இறுதியில் நிற்பது சிறுதேர்ப் பருவம். வடமொழியில் சூத்திரகர் இயற்றிய மிருச்சகடிகம் என்னும் நாடகத்துக்குப் பெயர் தந்ததும் ஒரு மண் வண்டியே. பொன் வண்டி வேண்டி அழுத சிறுவனின் மண் வண்டியில் வசந்தசேனை தன் அணிகளைக் கழற்றி நிரப்பினாள். பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியார் அந்நாடகத்தை மண்ணியற் சிறுதேர் எனத் தமிழாக்கினார். உண்டபின் எறிந்த இரண்டு பனங்காய்க் கூடுகளைக் குச்சியிற் கோத்து, கவைக்கோலால் தள்ளி ஓட்டும் நுங்கு வண்டி, அச்சிறுதேரின் வழித்தோன்றல் என்னலாம்.

விளையாட்டுப் பொருள் என்று எளிதாக எண்ணப்படும் இவை, வரலாற்றுக்குச் சான்றாகும் பெருமை உடையவை. ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முன் சிந்துவெளியில் ஓடிய மரவண்டிகள் மக்கிப் போயின. ஆனால் ஹரப்பா, மொகஞ்சதாரோ முதலிய இடங்களை அகழ்ந்தபோது, சுட்ட களிமண்ணாலான சிறு வண்டிச் சட்டங்களும் சக்கரங்களும் ஏராளமாகக் கிடைத்தன. செம்பினாலும் வெண்கலத்தாலும் செய்த சிறு வண்டிகளும் கிடைத்தன. ஹரப்பாவின் தெருவில் வண்டி ஓடிய தடமும் காணப்பட்டது. இரு தடங்களுக்கும் இடையே ஏறத்தாழ 3½ அடி. சிந்து நாட்டில் அண்மைக் காலத்தில் ஓடிய வண்டிகளின் சக்கர இடைவெளியும் ஏறத்தாழ அதுவே. தெருவின் தடம் அகலத்தைச் சொல்ல, சிறுவரின் மண் வண்டி வடிவத்தைச் சொல்ல, மறைந்த பெருவண்டி அறிஞரின் மனக்கண்முன் மீண்டும் எழுந்தது. மகாராட்டிரத்துத் தைமாபாத்தில் 1974ஆம் ஆண்டில் கிடைத்த வெண்கலத் தேர் ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் நீளமே உடையது. இரு காளைகள் பூட்டிய அச்சிறுதேரில் ஒருவன் நின்று செலுத்துகின்றான். அக்காலத்து நுகமும் ஏர்க்காலும் எவ்வாறு பூட்டப்பட்டன என்பதை அது இன்றும் காட்டுகின்றது.

எனினும் ஒன்றைக் கருத வேண்டும். சிந்துவெளிக் களிமண் சக்கரங்களுட் பெரும்பாலானவை ஆரமின்றித் தட்டையாக உள்ளன. சிலவற்றில் மட்டும் ஆரக்கால் போன்ற கோடுகள் வரையப்பட்டுள்ளன. அக்கோடுகள் உண்மையான ஆரக்கால்களைக் குறிக்கின்றனவா, அழகுக்காக இடப்பட்டனவா என்பதில் அறிஞர் கருத்து வேறுபடுகின்றனர். அன்று குயவர் அளவையும் உறுப்பையும் முற்றக் காட்டியிருந்தால் இவ்வையம் எழுந்திராது. சிறியது பெரியதைக் காக்கும். ஆனால் அது உண்மை பேசினாற்றான் காக்கும்.

பிற நாட்டார் இதனை உணர்ந்து செயற்பட்டனர். இங்கிலாந்திலும் குதிரை பூட்டிய பண்ணை வண்டிகள் மறையத் தொடங்கிய காலத்தில், பார்ன்ஹம் என்னும் ஊரில் வண்டிப் பட்டறை நடத்திய ஜார்ஜ் ஸ்டர்ட் என்பவர், சக்கரத் தச்சரின் அறிவையும் சொற்களையும் ஒரு நூலாக எழுதி 1923இல் வெளியிட்டார். 1951இல் ரெடிங் பல்கலைக்கழகத்தில் நாட்டுப்புற வாழ்க்கை அருங்காட்சியகம் ஒன்று அமைந்து, பழைய பண்ணை வண்டிகளைத் திரட்டிக் காத்தது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் பிரெட் எர்ட்டில் என்பவர் 1945இல் தம் வீட்டிலேயே உலோகத்தை உருக்கி வார்த்து விளையாட்டு டிராக்டர்களைச் செய்யலானார். இன்று பதினாறில் ஒரு பங்கு, முப்பத்திரண்டில் ஒரு பங்கு என்னும் அளவுகளில் டிராக்டரும் டிரெய்லரும் சிற்றுருவாக்கப்படுகின்றன. சிற்றுரு என்பது, ஒரு பொருளின் எல்லா உறுப்புகளையும் ஒரே விகிதத்தில் குறைத்து அமைத்த வடிவம். முதலில் வந்த டிரெய்லர்களும் இப்போது பழம்பொருள்களாகி வருதலின், அவற்றின் வடிவை அச்சிற்றுருக்கள் காத்து நிற்கின்றன.

கள்ளக்குறிச்சிக்கு இத்தொழில் புதிதன்று. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் வட்டாரங்களில் மரச்சிற்பக் கலைஞர் பலர் வாழ்கின்றனர். தெய்வத் திருவுருவங்களையும், கோயில் வாகனங்களையும், கதவு நிலைகளையும் அவர்கள் செதுக்குகின்றனர். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. யாளியின் பற்களையும் கொடியின் சுருளையும் நுண்ணிதாய்ச் செதுக்கும் அக்கைகளுக்குக் கட்டை வண்டியின் சிற்றுரு அரிதன்று. வேண்டுவது அளவும் உண்மையுமே.

கடைகளில் விற்கும் மர வண்டிகள் பலவற்றில் சக்கரம் ஒரே பலகையில் அறுத்த வட்டமாய் இருக்கும். ஆரக்கால் வண்ணக் கோடாய் இருக்கும். அச்சு ஓர் ஆணியாய் இருக்கும். குழந்தை இழுத்து மகிழ அது போதும். ஆனால் ஆயிரம் ஆண்டு கழிந்து அதனைக் கண்டெடுப்போர், தமிழர் வண்டிக்கு ஆரக்காலே இல்லை என்று முடிவு கட்டினால் பிழை யாருடையது? ஆதலின் காக்கும் நோக்குடன் செய்யும் சிற்றுருவில் குடம் வேறு, ஆரக்கால் வேறு, வட்டை வேறாகச் செய்து பொருத்த வேண்டும்.

அடிக்கு ஓர் அங்குலம் என்னும் அளவு இதற்கு எளிது. ஓர் அடிக்குப் பன்னிரண்டு அங்குலம் ஆதலின், சிற்றுரு பன்னிரண்டில் ஒரு பங்காகும். ஐந்தடிச் சக்கரம் ஐந்து அங்குலமாகும். மூன்று அங்குல அகலமுள்ள ஆரக்கால் கால் அங்குலமாகும். நீளமும் அகலமும் உயரமும் ஒவ்வொன்றும் பன்னிரண்டில் ஒன்றாதலின், பருமன் 12 × 12 × 12, அதாவது 1,728இல் ஒரு பங்காகும். 300 கிலோகிராம் எடையுள்ள வண்டியை அதே மரத்திலும் அதே இரும்பிலும் சிற்றுருவாக்கினால் அதன் எடை ஏறத்தாழ 174 கிராமே. கையில் ஏந்தும் எடையில் ஒரு வண்டி முழுதும் அடங்கிவிடுகின்றது. மரத்தின் இழை மட்டும் அளவிற் குறையாது. ஆகையால் சிறு உறுப்புகளுக்கு இழை நெருக்கமான மரத்தைத் தேர்தல் வேண்டும்.

பட்டாவையும் காய்ச்சியே இடலாம். சிற்றுருவின் சுற்றளவு 15¾ அங்குலம்; அதே சூட்டில் அது இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் விரியும். சிறிய சக்கரத்திலும் பெரிய சக்கரத்தின் விதியே செல்லும். அச்சில் நிறுத்திய சிற்றுருவின்மேல் சிறு கற்களை முன்னும் பின்னும் மாற்றி வைத்தால், முன்பாரமும் பின்பாரமும் கண்முன்னே விளங்கும். ஆயிரம் சொல்லால் விளக்க அரியதை ஒரு கல் விளக்கிவிடும்.

சிற்றுருவால் எல்லாம் காட்ட முடியுமோ? முடியாது. நிறைந்த சுமையோடு ஏற்றத்தில் திணறிய காளையின் மூச்சை அது காட்டாது. இரவு முழுதும் சந்தைக்குச் சென்ற வண்டிகளின் கடகட ஒலியை அது எழுப்பாது. அவற்றைச் சொல்லத்தக்கவர் அவ்வண்டிகளை ஓட்டிய முதியோரே. ஆகையால் சிற்றுருவோடு அவர்கள் சொல்லும் எழுதப்பட வேண்டும். வடிவத்தை மரம் காக்க, பெயரையும் முறையையும் ஏடு காக்கட்டும்.

இப்பணிக்குப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை. ஊரில் ஒரு பழைய வண்டி நின்றால், உடையவரின் இசைவு பெற்று மாணவர் அதனை அளக்கலாம். சக்கரத்தின் விட்டம், ஆரக்காலின் எண்ணிக்கை, குடத்தின் நீளம், ஏர்க்காலின் நீளம், இரு சக்கரங்களின் இடைவெளி ஆகியவற்றை ஒரு தாளில் குறிக்கலாம். தாத்தாவிடமோ முதிய தச்சரிடமோ ஒவ்வோர் உறுப்பின் பெயரையும் கேட்டு அதனருகில் எழுதலாம். ஓர் உறுப்புக்கு இரண்டு ஊர்களில் இரண்டு பெயர் வழங்கினால் இரண்டையும் குறிக்கலாம். அத்தாளைக் கொண்டு கைவினைஞர் ஒருவர் சிற்றுரு செய்தால், அது பள்ளியின் கண்ணாடிப் பேழையில் வீற்றிருந்து பின்வரும் மாணவர்க்கு ஆசிரியராய் விளங்கும். வண்டி அடுப்புக்குப் போகுமுன் இதனைச் செய்தல் வேண்டும். போனபின் அளக்க ஒன்றும் இராது.

திருமுடிக்காரியின் தேர்களை அளந்து வைத்தவர் எவருமிலர். ஆகவே அவற்றின் புகழை மட்டும் அறிகின்றோம், வடிவை அறியோம். அவன் ஆண்ட அதே நாட்டில் நம் முன்னோர் உழைத்த வண்டிகளுக்கும் அந்நிலை வருதல் கூடாது. மாற்றத்தைத் தடுக்க ஒருவராலும் இயலாது, தடுக்க வேண்டுவதுமில்லை. வயலில் டிரெய்லர் ஓடட்டும், மாடு இளைப்பாறட்டும். உமணர் தம் வண்டியின் அடியிற் கட்டிச் சென்ற சேம அச்சுப்போல, பழைய அறிவும் நம்மோடு பத்திரமாய் வரட்டும். அடிக்கு ஓர் அங்குலமாய்க் குறைந்த அச்சிறுதேர் எவரையும் சுமவாது. எனினும் ஒரு நாட்டின் உழைப்பையும் மொழியையும் சுமந்து, பெருவண்டி செல்ல இயலாத காலத்தூரத்தையும் அது கடந்து செல்லும்.